டிரங்குப் பெட்டிக்கு என்ன விலை?



மரக்காணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நான்கு பக்கக் கடிதம் இம்மாதம் என் மேசைக்கு வந்தது. பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உப்பளத்தில் கணக்கெழுதி வந்த அவருடைய கணவர் சென்ற ஆண்டு வஃபாத்தானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இதழ்கள். சிறு வயது முதல் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. பழைய புத்தக வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எடைக்குக் கிடைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக மொத்தத்துக்கும் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகனோ, "ஒரு புத்தகத்துக்கே பல்லாயிரம் கேட்கிறார்கள், இன்னும் பத்தாண்டு வைத்திருந்தால் இலட்சங்களாகும்" என்கிறார். அத்தோடு நில்லாமல், கடன் வாங்கி மேலும் சில பழைய இதழ்களை வாங்கிப் போடவும் எண்ணுகிறாராம். மகளுக்கு நர்ஸிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளோ நெருங்கி வருகிறது. யார் சொல்வதைக் கேட்பது என்பதே சகோதரியின் கேள்வி.

பொம்மைப் புத்தகத்துக்கு இவ்வளவு பேச்சா என்று சிரித்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். ஆகவே எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

மகனின் மனத்தில் இருப்பது அமெரிக்கக் கணக்கு. அது பொய்யன்று. 1938இல் 10 சென்ட் விலையில் வெளிவந்த 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில்தான் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றினான். அவ்விதழின் பிரதியொன்று 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 1939இல் வந்த 'சூப்பர்மேன்' முதல் இதழ் ஒன்று 2025 நவம்பரில் 90 இலட்சம் டாலரையும் தாண்டியது. அந்தப் பிரதி, தாயார் மறைந்த பிறகு வீட்டுப் பரணைத் துப்புரவு செய்த பிள்ளைகளுக்குக் கிடைத்ததாகும். இப்படிப்பட்ட செய்தி காதில் விழுந்தால் எந்த மகனுக்குத்தான் ஆசை வராது? (அந்தச் சூப்பர்மேனைப் படைத்த இரு இளைஞர்கள் 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதையும் மகனுக்குச் சொல்லி வையுங்கள். அந்தத் தொகையை உள்ளடக்கிய காசோலைத் தாளே 2012இல் 1,60,000 டாலருக்கு விற்றது!)

அந்த விலை எங்கிருந்து வந்தது? ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிரதிகள் அச்சானது. இன்று எஞ்சியிருப்பவை நூறு அளவில் இருக்கலாம் என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. மற்றவை என்னவாயின? பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள். தாய்மார்கள் குப்பையில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டியவர்களிடம் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். அது காப்பாற்ற வேண்டிய பொருள் என்று யாருமே எண்ணாததால்தான் அரிதாயிற்று.

மாறாக, 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்துபோகும் கதை வெளியானது. கறுப்பு உறையில் முத்திரையிட்டு விற்றார்கள். பிற்காலத்தில் பெருவிலை போகும் என்று இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று வாங்கி, உறையைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்தார்கள். முப்பதாண்டு கழிந்தும் அது சில்லறை விலைக்கே கிடைக்கிறது. எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருளை யார் தேடி வருவார்? அந்தச் சூதாட்டம் சில ஆண்டுகளில் சரிந்தபோது கடைகள் பல மூடப்பட்டன. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. கடன் வாங்கி இதழ் வாங்க நினைக்கும் மகன் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுதான்.

இனி நம் பெட்டிக்கு வருவோம்.

சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார்கள். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984 ஜூலையில் அவருடைய புதல்வர் விஜயன் அவர்கள் 'கத்திமுனையில் மாடஸ்டி' என்ற கதையுடன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே மாதத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ்பாண்ட் கதையோடு வெளிவந்தது. இவற்றுக்கு முன்பே, 1964இல் ஆங்கிலத்தில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் தமிழ் முதலிய மொழிகளிலும் வந்து 1990இல் நின்றது. இந்த இதழ்களுக்கும் அமெரிக்க இதழ்களின் கதியே நேர்ந்தது. இரவல் போனவை திரும்பவில்லை. பள்ளியில் ஆசிரியர் பறித்தவை போயின. மிச்சம் மளிகைக் கடைக்குப் போய்க் கடலைப் பொட்டலமாயின. சென்னையின் பழைய புத்தகக் கடைகளுக்குத் தாயகமாக இருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானதையும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே எழுபதுகளின் முத்து காமிக்ஸ் அரிதே, அதில் ஐயமில்லை.

ஆனால் அரிதாக இருப்பது மட்டும் விலையாகாது. தேடுகிறவன் வேண்டும். நம் இரும்புக்கை மாயாவி, 1962இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தோன்றியவன். அயல்நாட்டுச் சேகரிப்பாளன் அந்த மூல இதழைத்தான் நாடுவானேயன்றித் தமிழ்ப் பதிப்புக்கு டாலரை அள்ளிக் கொடுக்க மாட்டான். நம் இதழ்களுக்கு விலை கொடுப்போர் அவற்றைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மொட்டை மாடியிலும் திண்ணையிலும் படித்த தமிழர்களே. இன்று அவர்கள் நாற்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்து வயதுக்குள் இருக்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது. நெஞ்சில் ஏக்கமும் இருக்கிறது. இன்னும் இருபதாண்டு சென்றால்? அவர்களுடைய பிள்ளைகள் மாயாவியைத் தேடி அலைவார்களா? எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. மேலும், புகழ்பெற்ற பழைய கதைகள் மறுபதிப்பாகவும் வந்துவிட்டன. கதையை மட்டும் விரும்புவோர் அத்தோடு நிறைவடைந்து விலகிவிடுவர். அசல் இதழே வேண்டும் என்போர் சிலரே மிஞ்சுவர்.

உப்பளக்கரையில் வாழும் சகோதரிக்கு இந்த விலைக்கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் எல்லாப் பாத்திகளிலும் உப்பு வாரும்போது விலை இறங்குகிறது. ஐப்பசி மழையில் வேலை நின்றதும், மூடி வைத்த அம்பாரத்துக்கு மதிப்புக் கூடுகிறது. காத்திருப்பவருக்கு இலாபம்தான், ஆயினும் மூடிய ஓலையின் இடுக்கில் மழை புகுந்தால் இலாபத்தோடு முதலும் கரைந்து ஓடும். அவ்வாறிருந்தும் உப்புக்கு ஓர் உறுதி உண்டு. அடுத்த ஆண்டும் எல்லார் வீட்டிலும் உலை கொதிக்கும். காமிக்ஸுக்கு அந்த உறுதி இல்லை.

காகிதத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். அக்காலத்து இதழ்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை. மரக்கூழில் உள்ள பொருள்கள் நாளடைவில் அமிலமாகித் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். மரக்காணம் போன்ற ஊரில் இன்னொரு பகையும் உண்டு. கடற்காற்றில் வரும் உப்புத்துகள், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நடுப்பக்கத்து இரும்புப் பின் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரை கடந்ததும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் மழையில் உப்பளங்கள் மூழ்கியதும் அவ்வூராருக்கு நினைவிருக்கும். பத்தாண்டு காத்திருப்போம் என்றால், அத்தனை ஐப்பசி, கார்த்திகைகளையும் அந்தப் பெட்டி தாண்ட வேண்டும்.

நிலைமைக்கு ஏற்பவே விலை. 1962இல் ஸ்பைடர்மேன் அறிமுகமான இதழின் ஏறக்குறையக் குறையற்ற பிரதி 2021இல் 36 இலட்சம் டாலருக்குப் போனது. அதே இதழின் மிகச் சிதைந்த பிரதிகள் அதில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. அமெரிக்காவில் 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் என்பவரின் விலைக் கையேடு ஆண்டுதோறும் வருகிறது. 2000 முதல், இதழைச் சோதித்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு உறையில் அடைத்துத் தரும் நிறுவனமும் இயங்குகிறது. தமிழுக்கு இவ்விரண்டும் இல்லை. எனவே விற்பவர் சொல்வதும் வாங்குபவர் சொல்வதும்தான் கணக்கு. மகன் பார்த்த 'பல்லாயிரம்' என்பது யாரோ கேட்ட விலை, கொடுத்த விலையன்று. கேட்பதற்குக் காசு செலவில்லையே! ஒரே இதழ் மூன்று நான்கு முறை கைமாறிய தொகைகள் தெரிந்தால்தான் நாளைய விலையைப் பற்றி ஏதேனும் சொல்ல முடியும். அப்போதும் அது ஒரு மதிப்பீடே.

ஏலத்தில் இன்னொரு கள்ளமும் நடக்கும். வாங்கும் எண்ணமே இல்லாதவர், விற்பவருக்கு வேண்டியவராக இருந்து, விலையை மட்டும் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். 'நஜ்ஷ்' எனப்படும் இச்செயலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. பெயர் தெரியாதவர்கள் கைபேசி வழியே விலை கூறும் இக்காலத்தில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரே ஓர் ஏலத்தின் முடிவை நம்பிக் கணக்குப் போட வேண்டா என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சகோதரி, இனித் தங்களுக்கே நேராகச் சொல்கிறேன்.

அந்தப் பெட்டி மகனுக்கு மட்டும் உரியதன்று. தங்களுக்கு மட்டும் உரியதுமன்று. நிலமும் நகையும் போல அதுவும் மரணித்தவரின் சொத்துதான். கணவரின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன்கள் நீங்கலாக, தங்களுக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகளுக்கு ஒரு பங்கென்றால் மகனுக்கு இரண்டு. மகன் தம் பங்கு இதழ்களைப் பத்தாண்டல்ல, முப்பதாண்டுகூட வைத்துக்கொள்ளட்டும். தங்கையின் பங்கைக் காக்க வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. கடன் வாங்கும் பேச்சை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். விற்பதற்கென்றே வாங்கிச் சேர்த்தால் அது வியாபாரச் சரக்காகும். ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலைக்கு ஜகாத் கணக்கிட வேண்டியிருக்கும் என்பதையும் அவர் அறியட்டும்.

வியாபாரி சொன்ன மொத்தத் தொகைக்கும் இணங்க வேண்டா. அவர் பெட்டியில் உள்ள நூற்றைம்பதையும் பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டைத்தான் பார்த்திருப்பார். பிந்தைய ராணி காமிக்ஸ் இதழ்கள் ஏராளமாகப் புழங்கியவை; அவற்றுக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள். எழுபதுகளின் முத்து காமிக்ஸ், லயனின் தொடக்க இதழ்கள், தமிழ் இந்திரஜால் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மகனைக் கொண்டே ஒரு பட்டியல் எழுதச் செய்யுங்கள். இதழின் பெயர், எண், ஆண்டு, அட்டை இருக்கிறதா, எந்தப் பக்கம் கிழிந்துள்ளது என எல்லாம் அதில் இருக்கட்டும். குறையை மறைக்க வேண்டா. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவதோ, ஓரத்தை வெட்டிச் சமன் செய்வதோ, சேர்த்து பைண்டு செய்வதோ கூடவே கூடாது. மூன்றும் விலையைக் குறைக்கும். மொட்டை மாடி வெயிலில் உலர்த்தினால் அட்டையின் நிறம் போய்விடும். விற்கும் வரை பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, கடலைப் பார்க்காத உட்சுவர் ஓரம் வையுங்கள். இரும்புப் பெட்டியைவிடக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி நல்லது. உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் காமிக்ஸ் அன்பர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவர்களில் மூவர் நால்வரிடமாவது பட்டியல் போய்ச் சேரட்டும். ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனியே விலை கேளுங்கள். ஒரு கடைசி நாள் குறியுங்கள். அதற்குள் யார் அதிகம் சொல்கிறாரோ அவருக்கே கொடுங்கள். பிறகு ஐநூறு கூட்டித் தருகிறேன் என்று யார் வந்தாலும் வாக்கை மாற்றாதீர்கள்.

கணவர் தம் பெயரை எழுதிவைத்த இதழ்கள் சில உள்ளன என்கிறீர்கள். அட்டையில் பேனாக் கிறுக்கல் இருந்தால் வாங்குவோர் விலையைக் குறைப்பார்கள். அவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் பிள்ளைகளுக்குள் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். மற்றவற்றைக் கட்டண நாளுக்கு ஒரு மாதம் முன்பே விற்பனைக்கு வையுங்கள். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததை உறுதி செய்த பிறகே, இருபுறமும் கெட்டியான அட்டை வைத்துக் கட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.