காதலும் கத்தரிக்கோலும்: ‘கசபிளங்கா’வைப் பெருந்திரையிற் காண்பது குறித்து

‘கசபிளங்கா’வைத் திரையரங்கிற் சென்று பார்க்க வேண்டிய தேவை இன்றில்லை என்பார் நம்மிடையே உளர். அவர்தம் வாதம் எளிமையானது. அப்படத்திற் பரந்த பாலைவனம் இல்லை. படைகள் மோதும் களம் இல்லை. ஏறத்தாழ முழுப்படமும் 1942ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிலே, வோர்ணர் நிறுவனத்தின் கலையகத்துள் எடுக்கப்பட்டது. மதுச்சாலையொன்றிலே மனிதர் சிலர் கூடிப் பேசுவதே படம். அதனைக் கைத்தொலைபேசியிற் பார்த்தாற் குறைவது யாது என்பது அவர்கள் வினா.

குறைவது படத்தின் பாதி என்பதே எமது விடை.

பெருந்திரை மலைகளையும் சேனைகளையும் காட்டுவதற்கு மட்டும் உரியதன்று. பல மனித முகங்களை ஒரே வேளையிற் காட்டவல்லதும் அதுவே. ‘கசபிளங்கா’ இவ்வகையில் முகங்களின் படம். போகாட்டும் இங்கிறிட் பேர்க்மனும் மட்டுமல்லர். அவர்களைச் சூழ அமர்ந்திருப்போரும் அதன் பாத்திரங்களே. அவர்களுட் பலர் அகதிகளாய் நடித்த அகதிகள். நாஸி அதிகாரியாக நடித்த கொன்றாட் வைற், நாஸிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் யூத மனைவியுடன் ஜேர்மனியை விட்டு நீங்கியவர். சூதாட்ட மேசையில் நிற்கும் மார்சல் டாலியோவும் அவர் மனைவி மடலின் லுபோவும் 1940இற் பாரிசிலிருந்து தப்பி லிஸ்பனை அடைந்தனர். அங்கு பெற்ற சிலி நாட்டு விசாக்கள் போலியானவை என்பது பின்னர் மெக்சிக்கோவில் வைத்தே அவர்களுக்குத் தெரியவந்தது. பயணப் பத்திரங்களுக்காக மனிதர் ஏங்கும் கதையில் இவர்கள் நடிப்பதற்குப் பயிற்சி வேண்டியிருந்திராது.

இவர்கள் அனைவரதும் முகங்கள் ஒருங்கே பொருள்பெறும் கட்டம் ஒன்றுண்டு. ஜேர்மன் அதிகாரிகள் மதுச்சாலையிலே தம் தேசப்பாடலை முழங்க, விக்ரர் லாஸ்லோ ‘மார்செயேஸ்’ கீதத்தை வாசிக்குமாறு இசைக்குழுவினரைப் பணிக்கிறான். அவர்கள் ரிக்கை நோக்குகின்றனர், அவன் தலையசைக்கிறான். பின்னர் எழுவது ஒரு தனிமனிதனின் குரலன்று. கூட்டம் முழுவதும் எழுந்து பாடுகிறது. லுபோவின் கண்கள் கலங்குகின்றன. சிறுதிரையில் இஃது ஓர் இனிய பாடற் காட்சி. பெருந்திரையிலோ, கூட்டமொன்று தன்னைத் தானே கண்டுகொள்ளும் கணம். அரங்கிலும் ஒரு கூட்டம் அமர்ந்து அதனைக் காண்கிறது என்பதை மறத்தலாகாது.

இக்கட்டத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? இவ்வினாவுக்கு வரலாறே விடையளித்துள்ளது. 1952இல் மேற்கு ஜேர்மனியில் வெளியிடப்பட்ட பிரதியில் நாஸிகள் இடம்பெற்ற காட்சிகள் யாவும் வெட்டப்பட்டன. 102 நிமிடப் படம் 20 நிமிடங்களுக்கும் அதிகமாகக் குறுகியது. எதிர்ப்பியக்கத் தலைவனான லாஸ்லோ, நோர்வே நாட்டு அணு விஞ்ஞானியாக மாற்றப்பட்டான். போர் போயிற்று; காதல் மட்டும் எஞ்சிற்று. முழுப்படம் அந்நாட்டு மக்களுக்குக் கிட்டியது 1975இலேதான்.

அன்று தணிக்கையாளர் பிடித்த கத்தரிக்கோலை இன்று இரசிகர் தாமே தம் கையிற் பிடித்துள்ளனர். விமான நிலையப் பிரிவுக் காட்சியை மட்டும் துண்டமாகப் பார்த்து, கண்கலங்கி, படத்தை அறிந்துகொண்டோம் என்பாரை வேறெவ்வாறு விவரிப்பது? இல்சாவை ரிக் வழியனுப்புவது வெறும் காதற் தியாகமன்று. மதுச்சாலையில் எழுந்த கூட்டத்தின் பக்கம் அவனும் சேர்கிறான் என்பதே அதன் பொருள். கூட்டத்தைக் காணாதவனுக்கு அத்துறவின் காரணம் விளங்காது. திரையரங்கின் சிறப்பும் இதுவே: அங்கு எவரும் படத்தை நிறுத்தவோ தாண்டிச்செல்லவோ இயலாது.

‘இது போர்க்காலப் பிரசாரப் படமன்றோ’ எனச் சிலர் வினவலாம். ஆம், பிரசாரமே. ஆனால் அதனிலும் கடுமையான குற்றச்சாட்டொன்று உண்டு. படம் நிகழும் மொறோக்கோ 1912 முதல் பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்த நாடு. 1956இலேயே விடுதலை பெற்றது. அம்மண்ணின் மக்கள் இப்படத்தில் வாயிற்காவலராகவும், விற்பனையாளராகவும், தெருக்கூட்டமாகவுமே வருகின்றனர். ஆள்வோரின் விடுதலைக் கீதம் முழங்குகையில் ஆளப்படுவோருக்கு வசனமில்லை. இவ்வுண்மையையும் தெளிவுறக் காட்டுவது பெருந்திரையே. சிறுதிரையிற் கண் நாயகியின் முகத்தோடு நின்றுவிடும். பெருந்திரையில் அது பின்னணியில் மௌனமாக நிற்பவரையும் தேடிச் செல்லும். ஆதலின் இப்படத்தைப் போற்றுவோருக்கு மட்டுமன்றி, விமர்சிப்போருக்கும் திரையரங்கு இன்றியமையாதது.

1957இற் போகாட் மறைந்த பின்னர், ஹாவட் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள பிறற்றில் திரையரங்கிலே மாணவர்கள் பரீட்சைக் காலங்களிற் கூடி இப்படத்தை மீண்டும் மீண்டும் பார்த்தனர். வசனங்களைத் திரையோடு சேர்ந்து உரைத்தனர். பழைய படமொன்றைப் புதிய தலைமுறையின் உடைமையாக்கியதில் அவ்வரங்கிற்குப் பெரும்பங்குண்டு. நமது பல்கலைக்கழகங்களிலும் மண்டபங்கள் உள; திரைகள் உள; மாலைப்பொழுதுகளும் உள. தனித்தனி அறைகளிலே தனித்தனிக் காதல்களைக் கண்டு உருகுவதை விடுத்து, ஒரு மண்டபத்தில் ஒருங்கே அமர்ந்து முழுப்படத்தையும் கண்டு, பின்னர் அதைப்பற்றி வாதிடுவோமாக. வாதம் சூடாக அமையுமாயின் படம் தன் பணியைச் செய்தது என்க.