வீட்டில் கட்டும் விமானமும் கைக்கு எட்டாத வால்வும்

சொந்தமாக ஒரு விமானம் கட்டப் போவதாக யாராவது சொன்னால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் சென்னைக்கு அது ஒன்றும் புது விஷயமில்லை. 1910-லேயே மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைச் செய்ய வைத்து, பல்லாவரத்தில் பறந்து காட்டினார். நூறு வருடம் கழித்து மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, தான் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பதிவு எண் கிடைத்தது 2017-ல், பறந்து சோதிக்க அனுமதி கிடைத்தது 2019-ல். ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன், இங்கிலாந்தில் கொரோனா ஊரடங்கு காலத்தில் 'ஸ்லிங்' என்ற நாலு சீட் விமானத்தை கிட்டாக வாங்கிக் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார்.

இந்த மாதிரி செய்திகள் வரும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்விகள் மூன்றுதான். இறக்கை எப்படிச் செய்தார்? இன்ஜின் எங்கே வாங்கினார்? எவ்வளவு செலவு? விமானிக்கு முன்னால் இருக்கும் அந்தப் பலகையைப் பற்றி, அதாவது மீட்டர்களும் ஸ்விட்சுகளும் திரைகளும் இருக்கும் பேனலைப் பற்றி, யாரும் கேட்பதில்லை. விமானம் கட்டுபவர்களிலேயே பலர் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். வீடு கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்து வயரிங் செய்வது மாதிரிதான் இது. பேனலைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அதுவும் "எந்தத் திரையை வாங்கலாம்?" என்பதில் ஆரம்பிக்கக் கூடாது. "ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் கை எங்கே போகும், கண் எங்கே போகும்?" என்பதில் ஆரம்பிக்க வேண்டும்.

இது வெறும் வாதமா? இல்லை, உயிர் போன கதை.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ம் தேதி கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது 'லாங்-ஈஸி' என்ற ரகம். பர்ட் ருட்டன் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் வரைபடத்தை வைத்து வேறொருவர் கட்டியது. டென்வர் சமீபத்தில்தான் வாங்கியிருந்தார். இடது டேங்கிலிருந்து வலது டேங்குக்கு எரிபொருளை மாற்றும் வால்வு, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். காக்பிட்டுக்குள் எரிபொருள் குழாய் வர வேண்டாம் என்று நினைத்த கட்டியவர், அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அதைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது கால் தெரியாமல் வலது ரட்டர் பெடலை அழுத்திவிடும். அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னதும் இதைத்தான். கிளம்புமுன் அவர் எரிபொருள் நிரப்பிக்கொள்ளாததும், அந்த ரக விமானத்தில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லாததும் காரணங்களோடு சேர்ந்தன. வால்வு எந்தப் பக்கம் திரும்பினால் எந்த டேங்க் என்று எழுதியே வைக்கவில்லை என்பதையும் வாரியம் குறித்தது.

இப்போது வடசென்னைக்கு வாருங்கள். காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தை விளக்கவே வேண்டாம். திருவொற்றியூரில் 1950-களிலிருந்து தயாரான பழைய புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குறைந்து வண்டி இருமும்போது, ஓட்டுபவர் குனிந்து தேடுவதில்லை. கண் ரோட்டில் இருக்கும். கை தானாகக் கீழே போய் ரிசர்வுக்குத் திருப்பும். அதுதான் நல்ல வடிவமைப்பு. டென்வரின் விமானத்தில் இல்லாமல் போனதும் அதுதான்.

அதே புல்லட்டின் ஹெட்லைட் மேல் ஒரு சின்ன அம்மீட்டர் இருக்கும். முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே கிடந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை, பேட்டரியிலிருந்துதான் கரண்ட் போகிறது என்று அர்த்தம். வீட்டில் கட்டும் விமானத்தில் முதல் மரியாதை இந்த மாதிரி முள்ளுக்குத்தான் தர வேண்டும். ஏனென்றால் இன்றைய பேனல் முழுக்க மின்சாரத்தில் ஓடுகிறது. சில இன்ஜின்களும் அப்படித்தான். ஸ்லிங்கில் வரும் ரோட்டாக்ஸ் 915 மாதிரி எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு மின்சாரம் அறவே நின்றால் இன்ஜினே நின்றுவிடும். அதனால்தான் அதில் ஜெனரேட்டரும் இரண்டு, கட்டுப்பாட்டு கம்ப்யூட்டரும் இரண்டு. அவ்வளவு யோசித்துச் செய்த இன்ஜினை வாங்கி வந்து, எல்லா வயரையும் ஒரே ஸ்விட்ச் வழியாக இழுத்துவிட்டால் என்ன பிரயோஜனம்?

"பெரிய திரை ஒன்று போட்டால் போதுமே! வேகம், உயரம், மேப், இன்ஜின் எல்லாம் அதிலேயே தெரியுமே!" என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்து தனித்தனி மீட்டரைவிட ஒரு திரை எடை குறைவு, வயரிங்கும் சுலபம். ஆனால் அமெரிக்க விசாரணை வாரியம், 2002 முதல் 2006 வரை தயாரான சிறு விமானங்களை ஒப்பிட்டு 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. திரை வைத்த விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. ஆனால் உயிரிழப்பு விபத்துகளின் விகிதம் அதிகம்! திரை கெட்டது என்பதல்ல இதற்கு அர்த்தம். திரை இருக்கிறதே என்ற தைரியம் மட்டும் யாரையும் காப்பாற்றாது, அந்தத் திரையைத் தெரிந்து ஓட்டும் பயிற்சி வேண்டும் என்பதுதான். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது. அதற்காகக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்ப்பதை மீனவர்கள் விட்டுவிட்டார்களா என்ன?

சரி, அப்படியென்றால் எப்படித் திட்டமிடுவது?

1. முதலில் அட்டையில் செய்யுங்கள். உண்மையான அளவில் ஒரு பேனலை வெட்டி, மீட்டர் படங்களை ஒட்டி, நாற்காலியில் தோள் பெல்ட்டை இறுக்கிக் கட்டி உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஸ்விட்சையும் தொட்டுப் பாருங்கள். தொட முடியாதது எதுவோ அது இடம் மாற வேண்டும். அட்டையில் மாற்றினால் பத்து ரூபாய், அலுமினியத்தில் மாற்றினால் ஒரு மாதம்.

2. வேகம், உயரம், விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற மூன்றும் கண்ணுக்கு நேராக. மற்றதெல்லாம் பக்கத்தில்.

3. ஒரே மாதிரி ஸ்விட்சுகளை வரிசையாக வைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு ஃபிளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிய கதைகள் உண்டு. அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் ஒரு குமிழைச் சக்கர வடிவிலும் இன்னொன்றை இறக்கை வடிவிலும் செய்யச் சொன்னார். கைக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

4. "எது போனால் எது மிச்சம்?" என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். திரை போனால் தனி பேட்டரியில் ஓடும் இன்னொரு சின்னக் கருவி இருக்க வேண்டும். வேகம் காட்டும் பிட்டோ குழாயில் குளவி கூடு கட்டினால்? நம்ம ஊர்க் குளவிக்கு எந்த ஓட்டையும் வீடுதான். மூடி போடாவிட்டால், எத்தனை லட்சம் ரூபாய் திரையும் தப்பான வேகத்தை அழகாகக் காட்டும்.

5. எர்த் வயரை மறக்காதீர்கள். ஃபைபர் விமானத்தில் பைக் மாதிரி பாடி எர்த் கிடையாது, தனி வயர்தான். காத்திவாக்கம் மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் நிறுத்தினால், பச்சை பூத்த ஒரே ஒரு கனெக்டர் எல்லாக் கருவிகளையும் ஆட்டிவைக்கும்.

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. தேவை பொறுமையும், கெட்டதை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் மனசும். அது அபசகுனம் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்படும்வரை அங்கே கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்த்தவர்களைக் கேளுங்கள், அவர்கள் வேலையே அதுதான்.

வீட்டில் விமானம் கட்டுபவருக்கு ஒரு பெரிய சுதந்திரம் இருக்கிறது: வரைபடத்தை மாற்றலாம், பேனலைத் தன் இஷ்டப்படி வைக்கலாம். டென்வரின் விமானத்தைக் கட்டியவருக்கும் அந்தச் சுதந்திரம் இருந்தது. ஆனால் கட்டியவர் ஒருவர், இறந்தவர் வேறொருவர். ஆகவே ஒவ்வொரு ஸ்விட்சையும் பொருத்தும்போது, நாளை இந்த சீட்டில் உட்காரப் போகும் முன்பின் தெரியாத ஒருவரையும் நினைத்துக்கொண்டு பொருத்த வேண்டும்.