மலை என்ன நிறம்?



மலை என்ன நிறம் என்று கேட்டால், "பச்சை" என்று உடனே சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில், ஒரு மாணவன் மூன்று மலைகள் வரைந்து வந்தான். முன்னால் இருந்த மலைக்குப் பச்சை, அடுத்ததற்குக் கருநீலம், கடைசி மலைக்கு வெளிர்நீலம் தீட்டியிருந்தான். "மலை எங்கேயாவது நீலமாக இருக்குமா?" என்று கேட்டு, சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவன் பேசாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனான்.

சில ஆண்டுகள் கழித்து உதகைக்குச் சுற்றுலா போனேன். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்தில் ஒரு மாலை நேரம். பக்கத்து மலை கரும்பச்சை. அடுத்தது நீலம். அதற்கும் அப்பால் இருந்தவை வெளுத்துக்கொண்டே போய், வானத்தோடு கலந்துவிட்டன. நீலகிரி என்றால் நீலமலை! அந்தப் பெயரை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்த மாணவன் வரைந்ததுதான் சரி.

காரணம் என்ன? காற்றுதான். சூரிய ஒளியில் உள்ள நிறங்களில் நீலத்தைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கிறது. வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். நமக்கும் மலைக்கும் இடையிலும் அதே காற்று இருக்கிறது. தூரம் கூடக் கூட, நீலமும் வெளுப்பும் கூடும். மாலையில் ஒளி சாய்வாக வந்து, காற்றில் நீண்ட தூரம் கடக்கிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன. 500 ஆண்டுகளுக்கு முன்பே ஓவியர் லியனார்டோ டாவின்சி, தூரத்து மலையை நீலமாகத் தீட்ட வேண்டும் என்று எழுதி வைத்தார்.

நம் புதுச்சேரியில் மலை இல்லை. சூரியன் கடலில் உதித்து, ஊருக்குப் பின்னால் மறைகிறது. ஆனால், மேற்கே திண்டிவனம் தாண்டினால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள் இருக்கின்றன. 1750ல் பிரெஞ்சுக்காரர் பிடித்த கோட்டை அது. 2025ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மலைக்கு முதுகைக் காட்டி, தங்கள் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இது சரியில்லை என்பேன். முதலில் கண்ணால் பாருங்கள். எத்தனை அடுக்கு தெரிகிறது என்று எண்ணுங்கள். பிறகு படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், அது மலை வரை எட்டாது. செல்போன் திரையில் வெளிச்சமான வானத்தைத் தொட்டுவிட்டு எடுத்தால், அடுக்குகள் நன்றாகத் தெரியும். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். பள்ளத்தின் ஓரத்தில் நிற்காதீர்கள். பின்னோக்கி நடக்கவே கூடாது. கோட்டை மூடும் நேரத்துக்குள் பெரியவர்களோடு இறங்கிவிடுங்கள்.

எடுத்த படத்துக்குப் போனில் வேறு நிறம் பூசாதீர்கள். நீங்கள் கண்டதற்கு அதுதான் சாட்சி. என்னைப் போல ஓர் ஆசிரியர், "மலை நீலமா?" என்று கேட்டால், அந்தப் படத்தைக் காட்டி, மரியாதையாகக் காரணம் சொல்லுங்கள். என் மாணவனிடம் அன்று படம் இல்லை. காரணம் சொல்ல நானும் இடம் கொடுக்கவில்லை.

பிறர் சொன்ன நிறத்தை விட்டு, நீங்கள் பார்த்த நிறத்தைத் தீட்டுவீர்கள்தானே, குழந்தைகளே?