கடைத்தெருவில் அரசியல் பேசலாம்

கதைக்குள் அரசியல் வரலாமா என்று திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் யாரிடமாவது கேட்டால் சிரித்துவிடுவார்கள். அரிசி லாரி ஒன்று வந்து நின்றால், மூட்டையை எந்தச் சங்கத்து ஆள் இறக்குவது என்பதுதான் இங்கே முதல் பேச்சு. விலை, எடை எல்லாம் அதற்கப்புறம். பக்கத்திலேயே புத்தரிக்கண்டம் மைதானம். அங்கே கூட்டம் என்றால் எந்தக் கட்சியானாலும் ஒலிபெருக்கி கிழக்கே கோட்டை வரை கேட்கும். இந்தத் தெருவை வைத்து அரசியல் இல்லாமல் கதை எழுதுவது, மீன் சந்தையில் நின்றுகொண்டு வாடை வரவில்லை என்று சொல்வது மாதிரி.

ஆனால் எழுத வருகிற பிள்ளைகளுக்கு நம் இலக்கியக் கூட்டங்களில் தவறாமல் ஒரு போதனை கிடைக்கிறது. “கருத்து துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, பிரச்சாரம் ஆகிவிடும்.” சொல்கிறவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்கிறவன் எடுத்துக்கொள்வது வேறு. வம்பு எதற்கு என்று கருத்தையே விட்டுவிடுகிறான். மிஞ்சுவது மழை, ஜன்னல், காபி.

சாலைக்கென்று ஒரு எழுத்தாளர் இருந்தார், ஆ. மாதவன். 1934-இல் பிறந்தவர், 2021 ஜனவரியில் மறைந்தார். பள்ளியில் படித்தது மலையாளம், எழுதியது தமிழில். வாலிப வயதில் திராவிட இயக்கம் அவரை இழுத்தது. தொடக்கக் காலக் கதைகள் அந்த இயக்கத்துப் பத்திரிகைகளில் வந்தன. பிறகு சாலையில் பாத்திரக்கடை வைத்து, பல பத்தாண்டுகள் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தார். மேடைப்பேச்சு அவர் கதைகளிலிருந்து உதிர்ந்துபோனது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கடைக்காரனுக்கு ஆள் முதலில் தெரிவான், கொடி அப்புறம்தான் தெரியும். சுமடு எடுப்பவன், சில்லறைத் திருடன், ராத்திரியில் கடைத்திண்ணையில் படுக்க வருபவன் என்று அவர் பார்த்த கூட்டம் ‘கடைத்தெருக் கதைகள்’ ஆனது.

அவருடைய ‘புனலும் மணலும்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்று மணல் வாரிப் பிழைக்கிற கூலிகளின் கதை. அதே காலத்து முற்போக்கு நாவலாசிரியர் ஒருவர் கையில் இது கிடைத்திருந்தால் பாதியிலேயே சங்கம் கட்டி, கடைசி அத்தியாயத்தில் ஊர்வலம் விட்டிருப்பார். மாதவனின் அங்குசாமியைத் தின்பது வேறு. மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த மகள் பங்கி அழகில்லாதவள் என்பதால் அவள்மேல் அவருக்கு ஏற்படுகிற தீராத அருவருப்பு. சுரண்டப்படுகிறவன், தனக்குக் கீழே இருக்கிற ஒரு பெண்ணை என்ன பாடு படுத்துகிறான் பாருங்கள் என்கிறது நாவல். இதில் அரசியல் இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொழிலாளியைப் புனிதராக்க மறுப்பது, கட்சிக்காரர்களுக்குக் கசக்கிற ஓர் அரசியல்.

ஆனால் மாதவனைக் காட்டி, ‘பார்த்தாயா, கருத்தை விட்டதும் கலை வந்தது’ என்று பாடம் நடத்தினால் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே கேரளத்தில் எதிர்க்கணக்கு நிறைய உண்டு. கேசவதேவ் 1942-இல் ரிக்‌ஷாக்காரன் பப்புவை நாயகனாக்கி ‘ஓடயில் நின்னு’ எழுதினார். தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகம் 1952-இல் மேடையேறியது. தலைப்பிலேயே கட்சி! அரசாங்கம் தடை போட்டுப் பார்த்தது. 1957-இல் கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ். முதல்வரானதில் அந்த நாடகத்துக்கும் பங்கு உண்டு என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

தகழியின் ‘தோட்டியின் மகன்’ (1947) இன்னும் நல்ல உதாரணம். சுந்தர ராமசாமி தமிழில் தந்தார். ஆலப்புழையில் மலம் அள்ளுகிறவர்களின் மூன்று தலைமுறை. பெயர்களைப் பாருங்கள், இசக்கிமுத்து, சுடலைமுத்து. நம் சனம். தன் மகன் மோகனன் தோட்டியாகக் கூடாது என்று சுடலைமுத்து காசுக்குக் காசு சேர்க்கிறான். அதற்காகவே தன் கூட்டத்தின் சங்கத்தை உடைக்க அதிகாரிகளுக்குக் கையாளாகிறான். அவர்களில் ஒருவரிடமே பணத்தைக் கொடுத்து வைத்து ஏமாறுகிறான். இந்தப் பகுதியில் தகழியின் கட்சி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, ஆனாலும் ஒரு வரிகூட பிரச்சாரமாகத் தெரியாது. மகன் காலத்துப் போராட்டம் வரும்போது கதை தளர்கிறது. கருத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சுடலைமுத்துவைத் தகழி உள்ளும் புறமும் அறிந்திருந்தார். மோகனன் விஷயத்தில் அவர் அறிந்தது, மோகனன் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும்.

தமிழில் அண்ணாவின் ‘செவ்வாழை’. கட்சித் தலைவர் எழுதிய கதை, கருத்தை ஒளிக்கவே இல்லை. குழந்தைகள் கண்ணில் வைத்து வளர்த்த குலை பண்ணையாருக்குப் போகிறது. ஒரு வாழைக்குலைக்கு உள்ளே நிலவுடைமை முழுவதும் அடங்கிவிட்டது. அண்ணாவின் கதைகள் எல்லாமே இப்படி நிற்கின்றன என்று சொல்ல மாட்டேன், இது நிற்கிறது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். கூலி கேட்டவர்களின் குடும்பங்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார், 1977-இல் சாகித்ய அகாதெமி பரிசும் கிடைத்தது. நிலக்கிழாரின் ஆண்மைக் குறையை அவனுடைய வெறிக்கு ஊற்றாக்கியதை இடதுசாரிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். கூலிக்கணக்கில் தொடங்கிய கொலையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனது, எழுதியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு பக்கத்துக்கு வசதியாகிவிட்டது. எழுத்தாளன் அரசியலை விட்டு விலகி நிற்கலாம். கதை விலகி நிற்காது.

ஆக, எழுதுகிறவர் கட்சிக்காரராகவே இருக்கட்டும். எதிர்க்கட்சிக்காரனையும் வீட்டுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறாரா, அவன் பொண்டாட்டி அவனை என்ன சொல்லித் திட்டுவாள் என்று தெரியுமா, அதுதான் எனக்கு வேண்டும். சாலையில் சொல்வார்கள், சரக்கு உண்டா என்று.

ஒரு விஷயம் எழுதப்படாமல் வெகுநாளாகக் காத்துக் கிடக்கிறது. நோக்குகூலி. சுமையை நாமே இறக்கினாலும், இயந்திரம் இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கூலி. 2018 மே முதல் தேதி முதல் கேரள அரசே அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் புகார்கள் வரத்தான் செய்தன. வியாபாரிக்கு அது கொள்ளை. முதுகு தேய மூட்டை சுமந்து, லாரியில் இயந்திரக் கை வந்ததும் வேலை போன ஐம்பது வயதுக்காரனுக்கு அது கடைசிப் பிடிமானம். இரண்டு பேரும் சாலையில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேர் வீட்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. யாராவது எழுதுங்கள். எந்தப் பக்கம் நின்று வேண்டுமானாலும் எழுதுங்கள். மற்றவனுக்கும் அவன் வாதத்தை முழுசாகச் சொல்ல இடம் கொடுங்கள்.