எந்தப் படத்திற்குச் செல்வது?
எந்தப் புதிய படத்தைத் திரையரங்கில் காண்பது என்னும் தேர்வு பார்வையாளருக்கே உரியது என்பர். அத்தேர்வு பெரும்பாலும் முன்னரே முடிந்துவிடுகிறது. காவல்துறையின் சாதிய வன்முறையைப் பேசும் ‘சந்தோஷ்’, தணிக்கை வாரியம் கோரிய வெட்டுகளால் 2025இல் திரைக்கே வரவில்லை. தணிக்கையைத் தாண்டும் படங்களுக்கோ மல்டிபிளக்ஸ் முதலாளிகள் எஞ்சிய காட்சிகளையே ஒதுக்குகின்றனர்.

கான் விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் வென்ற பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ 2024 நவம்பரில் நாடெங்கும் வெளியானது. மும்பையில் பத்திரமில்லாத வீட்டை இழக்கும் மருத்துவமனைச் சமையல் தொழிலாளியும் அவரது செவிலியத் தோழியும் அடுக்குமாடி விளம்பரப் பலகையின்மீது கல்லெறியும் காட்சி அதில் உண்டு. அக்காட்சியைப் பெருந்திரையில், நிறைந்த அரங்கில் காண்பதே தகும்.

முதல் வார வசூலே அடுத்த வாரக் காட்சிகளைத் தீர்மானிக்கிறது. இத்தகைய படங்களைப் பிறகு ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம் எனத் தோழர்கள் தள்ளிப்போடலாகாது.