கைப்பிடி வைத்த கம்ப்யூட்டர்

2001-ல் வந்த 'லீகலி பிளாண்ட்' என்கிற ஹாலிவுட் படம் பார்த்திருக்கிறீர்களா? ஹார்வர்டில் சட்டம் படிக்கப் போகிற கதாநாயகி, கூடப் படிக்கிற பசங்க எல்லாம் கறுப்பு லாப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்க, தான் மட்டும் வெள்ளையும் ஆரஞ்சுமாக ஒன்று வாங்கி வருவார். ஆப்பிள் கம்பெனியின் ஐபுக்!

1999 ஜூலையில் நியூயார்க்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் இதை மேடையேற்றினார். விலை 1,599 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 69 ஆயிரம் ரூபாய். எடை 3 கிலோ. மூடினால் சிப்பி மாதிரி இருக்கும். தூக்கிக்கொண்டு போக ஒரு கைப்பிடி. பிடிக்காதவர்கள் 'டாய்லெட் சீட்' என்று பெயர் வைத்தார்கள். (முதலில் சிரித்தாலும், சிரித்து முடித்தபின் ஆமாம் என்று தோன்றும்.)

ஜாப்ஸ் மேடையில் இன்டர்நெட் பக்கங்களைக் காட்டியபடி அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். ஒயர் எதுவும் இல்லை என்று நிரூபிக்க ஒரு வளையத்தை அதைச் சுற்றி விட்டு எடுத்தார், மந்திரவாதிகள் செய்வார்களே, அப்படி. இன்னொரு அதிகாரி ஃபில் ஷில்லர், கையில் ஐபுக்கோடு உயரத்திலிருந்து மெத்தை மேல் குதித்தே காட்டினார். இன்று டீக்கடையில்கூட இருக்கிற வைஃபைக்கு அன்று அவ்வளவு ஆர்ப்பாட்டம்! ஆனால் அந்த 1,599-ல் வைஃபை அட்டை கிடையாது. அதற்குத் தனியாக 99 டாலர். பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தால் என்னவாம்? நான் பி.காம்., எனக்கு வியாபாரம் புரியும். இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது.

உள்ளே 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 32 எம்.பி. மெமரி, 3.2 ஜி.பி. ஹார்டு டிஸ்க். மெமரி ஏற்றுவது சுலபம். கீபோர்டைத் தூக்கினால் கீழே ஒரு ஸ்லாட். வைஃபை அட்டைக்கும் அங்கேதான் இடம். ஹார்டு டிஸ்க் மாற்றப் போனீர்களோ, தொலைந்தீர்கள். மொத்த மெஷினையும் பிரிக்க வேண்டும். டஜன் கணக்கில் ஸ்க்ரூ, அதிலும் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கழற்றிய வரிசையில் தாளில் ஒட்டி வைக்காவிட்டால், மாட்டி முடித்தபின் நாலு மிச்சம் இருக்கும்.

இவ்வளவு கஷ்டப்பட்டும் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சத்தம் போடுகிற பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு, கேமராவுக்குப் போடுகிற காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஒரு அடாப்டரில் செருகி உள்ளே வைக்கிறார்கள். தேய்மானம் எழுதி எழுதி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எப்போதோ பூஜ்யமாகிவிட்ட சொத்து, சமர்த்தாக பூட் ஆகிறது!

ஆனால் சாஃப்ட்வேர் ஒரு எல்லைக்கோடு போட்டது. 2005-ல் வந்த 'டைகர்' சிஸ்டத்துக்கு ஃபயர்ஒயர் துளை கட்டாயம். 2000 செப்டம்பர் ஐபுக்கில் அது உண்டு, 1999 மாடலில் இல்லை. ஆகவே மூத்தவர் 'பேந்தர்' சிஸ்டத்தோடு ரிட்டயர்டு.

அந்தக் கீபோர்டு சமாசாரத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சார். இன்றைய ஒல்லி லாப்டாப் பலவற்றில் மெமரி முழுக்கப் பலகையோடு பற்றவைத்தது. ஐபுக்கிலும் 32 எம்.பி. அப்படித்தான். ஆனால் பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாக விட்டிருந்தார்கள். அடுத்த மாதம் இன்ஸ்டால்மென்ட்டில் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கலரை அப்புறம் பார்க்கலாம்.

2001 மே மாதம் அடுத்த ஐபுக் வந்தது. வெள்ளை, சதுரம், 2.2 கிலோ. கைப்பிடியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த எந்த ஆப்பிள் லாப்டாப்பிலும் அது இல்லை.