மறுமலர்ச்சி — யாருக்கு?

ஆறு கட்டங்கள், கட்டத்துக்கொரு பெயர், பெயருக்குக் கீழே ஆண்டுகள், ஆண்டுகளுக்குக் கீழே ஐந்தாறு புலவர்கள். குடியேற்றக் காலம், விடுதலைப் புரட்சிக் காலம், புனைவியற் காலம், நடப்பியற் காலம், புதுமையியற் காலம், அதற்குப் பிந்திய காலம் — தீர்ந்தது அமெரிக்க இலக்கிய வரலாறு! கல்லூரியில் இளங்கலை பயின்ற நாளில் இந்தப் பட்டியலை நாம் உருப்போட்டோம். தேர்வில் ஒப்பித்தோம். மதிப்பெண்ணும் வாங்கினோம். வாங்கிய மதிப்பெண்ணை எண்ணி இன்று வெட்கப்படுகிறோம்.

சென்ற திங்கள் ஒரு ஞாயிறு மாலை, ஊர்ப் படிப்பகத்தில் அமெரிக்க இலக்கியம் பற்றிப் பேசுமாறு தோழர்கள் பணித்தனர். அந்தப் பழைய பட்டியலையே கரும்பலகையில் எழுதி, கட்டங்கட்டமாக விளக்கிக்கொண்டு போனோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த நெசவாளத் தோழர் ஒருவர் எழுந்தார். "ஐயா, அந்த நாட்டிலே அடிமைகள் இருந்தார்களே, அவர்கள் எழுதியது எந்தக் கட்டத்திலே வருகிறது?" என்று கேட்டார்.

விழித்தோம்! "புனைவியற் காலத்தில் ஓரத்திலே வரும்" என்று மழுப்பினோம். "ஓரத்திலேயா?" என்றார் தோழர், வேறொன்றும் கூறாமல் அமர்ந்துவிட்டார். வீடு திரும்பியபின் நூல்களைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட, பலகையில் நாம் வரைந்த கோடுகள் வேலிகளாகத் தெரியத் தொடங்கின.

காலப் பகுப்பு என்பது படிப்போரின் வசதிக்காகச் செய்யப்படுவது, அதில் சூது ஏதும் இல்லை என்பர் பேராசிரியர் சிலர். வசதிதான், மறுக்கவில்லை. யாருக்கு வசதி என்பதே கேள்வி! முதற் கட்டத்தைப் பாருங்கள். 1607இல் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் கால் வைத்ததும் இலக்கியம் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன் அம்மண்ணில் பல நூறு மொழிகள் பேசிய மக்களுக்குக் கதையில்லையாம், பாட்டில்லையாம்! செரோக்கி மக்களுக்காக 1821இல் செக்வோயா என்பார் தனி எழுத்து முறையே வகுத்தார். 1828இல் அவ்வெழுத்தில் செய்தித்தாள் வந்தது. 1838இல் துப்பாக்கி முனையில் அம்மக்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, ஆயிரக்கணக்கில் வழியிலேயே மடிந்தனர். அந்த 1838 நம் பட்டியலில் எந்தக் காலம் தெரியுமா? புனைவியற் காலம்! இயற்கையின் எழிலில் உள்ளம் தோய்ந்த காலம்!

அந்த முதற் கட்டத்துக்குரிய பியூரிட்டன்களின் எழுத்தைப் பற்றி, "எளிமை, இறைப்பற்று, ஒழுக்கம்" என்று மூன்று சொல் எழுதினால் முழு மதிப்பெண். 1692இல் சேலம் நகரில் சூனியக்காரர் என்று பழி சுமத்திப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டனர். ஒரு முதியவரைக் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றனர். அந்த வழக்குகளுக்கு வக்காலத்து வாங்கி மறு ஆண்டே நூல் வெளியிட்டவர் காட்டன் மாதர் என்னும் சமயகுரு. அதுவும் அந்த எளிமை இலக்கியத்தின் ஒரு பகுதிதான்!

அடுத்தது புரட்சிக் காலம். தாமஸ் பெயின் 1776 சனவரியில் வெளியிட்ட 'பொது அறிவு' என்னும் சிறு நூலைப் பட்டியல் பாராட்டும். மன்னனை எதிர்த்த பெயினுக்கு மாலை. மதத்தை எதிர்த்த பெயினுக்கு? 1794இல் அவருடைய 'அறிவின் காலம்' வெளிவந்தது. பெயின் நாத்திகரல்லர், கடவுள் ஒருவர் உண்டென்றே நம்பினார். மறைநூல்கள் மனிதர் கட்டியவை என்றார், அவ்வளவே. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? 1809இல் நியூயார்க்கில் இறந்தபோது, தம் இடுகாட்டில் இடமில்லை என்று குவேக்கர்கள் கையை விரித்தனர். அவருடைய பண்ணை நிலத்திலேயே புதைத்தனர். உடன் சென்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்தாண்டுக்குப் பின் காபெட் என்ற ஆங்கிலேயர் அந்த எலும்புகளைத் தோண்டியெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அவை எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. ஒரு நாட்டின் பிறப்புக்குப் பேனா பிடித்தவனுக்கு அந்த நாட்டில் ஆறடி மண்ணும் நிலைக்கவில்லை!

அதே புரட்சிக் காலத்தில், பாஸ்டன் நகரில், பிலிஸ் வீட்லி என்றொரு பெண். ஆப்பிரிக்காவிலிருந்து ஏழு வயதளவில் பிடித்துவரப்பட்டு, 1761இல் விலைக்கு விற்கப்பட்டவள். ஏற்றிவந்த கப்பலின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். வாங்கிய எசமானின் குடும்பப் பெயரைப் பின்னால் ஒட்டினர். பெற்றவர் இட்ட பெயர் என்னவோ! அந்தப் பெண் ஆங்கிலம் கற்றாள், இலத்தீன் கற்றாள், கவிதை எழுதினாள். ஓர் அடிமைப் பெண் கவிதை எழுதுவதா? நம்ப மறுத்தது நாடு. ஆளுநர், செல்வர், சமயகுருமார் எனப் பதினெட்டுப் பேர் கையொப்பமிட்டு, "இவளே எழுதினாள்" என்று சான்று வழங்கினர். அந்தச் சான்றிதழைத் தாங்கியே 1773இல் நூல் வந்தது — அதுவும் இலண்டனில்! பாஸ்டனில் அச்சிட எடுத்த முயற்சிக்குப் போதிய ஆதரவில்லை. மனிதர் எல்லாரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று சாசனம் தீட்டிய ஜெபர்சன், இவளைக் கவிஞர் என்றே ஒப்பவில்லை. விடுதலை பெற்றும் வறுமை விடவில்லை. 1784இல், முப்பது வயதை ஒட்டி, மறைந்தாள். பதினெட்டுப் பேர் சான்றளித்தால்தான் கவிஞர் என்ற நிலை எந்த வெள்ளைப் புலவனுக்கேனும் ஏற்பட்டதுண்டா?

இனி மூன்றாம் கட்டத்துக்கு வருவோம். நம் வழக்கின் நடுப்புள்ளி இதுவே.

1941இல் ஹார்வார்டு பேராசிரியர் மாத்தியசன் 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1850 முதல் 1855 வரை ஆறே ஆண்டுகளில் பூத்த ஒப்பற்ற இலக்கியம் என்று ஐவரை எடுத்து நிறுத்தினார்: எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன். மாத்தியசன் பிற்போக்காளர் அல்லர். சமதர்மத்தை நம்பியவர், ஆசிரியர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். அவர் தேர்ந்த நூல்களும் சொத்தை அல்ல. 'மோபி டிக்' புதினத்தையும் 'புல்லிதழ்கள்' கவிதைத் தொகுதியையும் நாம் இன்றும் விரும்பிப் படிக்கிறோம். ஆனால் அவர் போட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. பின்வந்தவர்கள் அதைக் கட்டமாக்கினர். கட்டத்தைக் காவல் காத்தனர்.

அந்த 1850 எப்படிப்பட்ட ஆண்டு? தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் திருப்பி அனுப்பு என்று நாடு முழுவதற்கும் சட்டம் போட்ட ஆண்டு! 'மோபி டிக்' வெளிவந்த 1851இல், தாமஸ் சிம்ஸ் என்ற இளைஞர் பாஸ்டனில் பிடிபட்டார். அவரை விடுவிக்க மறுத்த மாநிலத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, மெல்வில்லின் மாமனார். 1852இல் ஹாதார்ன், அடிமை முறைக்கு விட்டுக்கொடுத்த பியர்ஸ் என்ற வேட்பாளரைப் புகழ்ந்து தேர்தலுக்கென வாழ்க்கை வரலாறு எழுதினார். பியர்ஸ் குடியரசுத் தலைவரானார். ஹாதார்னுக்கு லிவர்பூலில் தூதரகப் பதவி கிடைத்தது. கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்பார்களே, அந்த அப்பால் லிவர்பூலில் இருக்கிறது போலும்! தோரோவை இவர்களோடு சேர்க்க மாட்டோம். 1854இல் அந்தோணி பர்ன்ஸ் என்ற கருப்பர் படை சூழ அடிமைத்தளைக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, தம் சொந்த மாநிலத்தையே மேடையேறிச் சாடினார் தோரோ. ஆனால் தேர்வில் கேட்கப்படுவது அந்தப் பேச்சா? குளக்கரைக் குடிசைதான்!

இந்த ஐவருக்கு முன்பும் உடனும் பின்பும் எழுதியவர் யார், யார்? 1845இல் பிரடெரிக் டக்ளஸ் தம் அடிமை வாழ்வை நூலாக்கினார். பால்டிமோரில் எசமானி எழுத்தறிவிக்கத் தொடங்கினாள், எசமான் தடுத்தான். அறிவு பெற்றவன் அடிமையாக இரான் என்று எசமானே அஞ்சியதைக் கேட்ட சிறுவன், தெருப்பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து எழுத்துக் கற்றான். அந்த நூலுக்கும் வெள்ளையர் இருவர் முன்னுரை தந்து உறுதி கூற வேண்டியிருந்தது! நூல் வந்ததும், எசமானின் ஆட்கள் பிடித்துவிடுவர் என்று ஆசிரியர் கடல் கடந்து பிரிட்டன் சென்றார். எழுதியதற்காக நாடு விட்டு ஓடியவரை விட்டுவிட்டு, எழுதியதற்காகக் குளக்கரைக்குப் போனவரை வைத்துக் காலத்துக்குப் பெயரிடுகிறார்கள்.

1861இல் ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணியின் நூல், புனைபெயரில். எசமானின் காமத்துக்கு இரையாகாதிருக்கப் பாட்டி வீட்டுக் கூரையின் அடியில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத பொந்தில், ஏழாண்டளவும் ஒளிந்திருந்தவர். அந்த நூலைப் பதிப்பித்த வெள்ளைப் பெண்மணியே அதைக் கற்பனையாக எழுதியிருப்பார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் சாதித்தனர். ஜீன் யெல்லின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களைத் தேடிப் படித்து, 1987 பதிப்பில் ஐயத்துக்கிடமின்றி நிறுவிய பிறகே ஜேக்கப்சின் நூல் ஜேக்கப்சுக்குக் கிடைத்தது! 1859இல் வந்த ஹாரியட் வில்சனின் புதினமும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறைந்துகிடந்து 1983இல் மறுபதிப்புக் கண்டது.

"இவை துன்ப வரலாறுகள், இரங்கத் தக்கவை. இலக்கியத் தரம் வேண்டாமா?" என்று கேட்பர். கேட்கட்டும். தரத்தைப் பற்றி நாமும் பேசுவோம். நம் பக்கத்துத் தோழர்களுக்கும் கசக்கும்படி பேசுவோம். 1852இல் வெளிவந்த ஸ்டோ அம்மையாரின் 'டாம் மாமாவின் குடில்' முதலாண்டிலேயே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகள் விற்றது. அடிமை முறைக்கு விழுந்த பேரடி. பிரச்சார இலக்கியம் வென்றது என்று நாம் மேடையில் முழங்குவதும் இதைக் காட்டித்தான். ஆனால் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற கருப்பின எழுத்தாளர் 1949இல் இந்த நூலைக் கடுமையாகத் தாக்கினார். கண்ணீர் வடிக்கும் நூல், அடிமையை முழு மனிதனாகக் காட்டவில்லை என்றார். இரக்கத்துக்குரிய பொம்மையாக்குவதும் மனிதத் தன்மையைப் பறிப்பதே என்றார். இந்த அடி நம்மீதும் விழுகிறது, தோழர்களே! கொள்கை நல்லது என்பதற்காகப் பாத்திரத்தை அட்டையில் வெட்டி நிறுத்தும் பழக்கம் நம்மிடம் இல்லையா? ஆக, தரம் பேச வேண்டியதுதான். பேசினால் டக்ளஸ் தோற்கமாட்டார். அவருடைய உரைநடையின் கட்டும் வேகமும் எமர்சனுக்கு இளைத்தவை அல்ல. தோற்பவர்கள், அந்த ஆறாண்டில் புகழ்பெற்று இன்று தூசு படிந்து கிடக்கும் எத்தனையோ வெள்ளைப் புலவர்கள்.

விட்மனைப் பற்றி ஒரு சொல். அவருடைய சமத்துவப் பாட்டில் மயங்காத பகுத்தறிவாளர் இல்லை. 1892இல் கேம்டனில் அவர் அடக்கத்தின்போது உரையாற்றியவர் யார் தெரியுமா? நம் இயக்கத்தார் தமிழில் கொண்டுவந்து படித்த அதே இங்கர்சால்! ஆயினும் முதுமையில் கருப்பரின் வாக்குரிமை குறித்து அவர் காட்டிய தயக்கத்தை நாம் பூசி மெழுக வேண்டியதில்லை. பாட்டு ஓங்கி நின்றது. பாடியவர் சில இடங்களில் குனிந்தார்.

நடப்பியலும் இயற்பண்பியலும் வந்த கட்டத்தில் நமக்குப் பெரிய பூசல் இல்லை. அப்டன் சிங்கிளேர் 1906இல் சிகாகோ இறைச்சிக் கூடத் தொழிலாளியின் அவலத்தை எழுதினார்; படித்த கனவான்கள் தங்கள் தட்டிலிருந்த இறைச்சியைப் பார்த்துப் பதறினர்; அவ்வாண்டே உணவுத் தூய்மைச் சட்டங்கள் பிறந்தன. தொழிலாளிக்கு? அவன் அதே கூடத்தில் அதே கத்தியோடு நின்றான்.

புதுமையியற் காலம்தான் வேடிக்கை நிறைந்தது. எஸ்ரா பவுண்ட் அந்தக் காலத்தின் தூண். போர்க்காலத்தில் முசோலினியின் வானொலியில் யூதரை இழித்துப் பேசியவர். தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு, மனநலம் குன்றியவர் என்று மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தவர். 1949இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் இலக்கிய உறுப்பினர் கூடி அவருக்குப் போலிங்கன் பரிசை வழங்கினர். கவிதையை மட்டும் பார்த்தார்களாம். கவிஞரின் அரசியலைப் பார்க்கவில்லையாம்! நல்லது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1953 மார்ச்சில், ஹார்லம் மறுமலர்ச்சியின் தலைமகன் லாங்ஸ்டன் ஹியூஸ் மெக்கார்த்தியின் குழு முன் நிறுத்தப்பட்டார். இளமையில் எழுதிய இடதுசாரிக் கவிதைகளுக்கு விளக்கம் கேட்டனர். வெள்ளைப் பாசிசக் கவிஞருக்கு முன் கண்ணை மூடிக்கொள்ளும் நாடு, கருப்புக் கவிஞரின் ஏட்டை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறது!

அந்த ஹார்லம் மறுமலர்ச்சியில் ஹியூசுடன் எழுதியவர் சோரா நீல் ஹர்ஸ்டன். தம் மக்களின் பேச்சையும் கதைகளையும் ஊர் ஊராகத் திரிந்து சேர்த்தவர். 1960இல் புளோரிடாவில் வறுமையில் இறந்தார். கல்லறைக்குக் கல்கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர், புதரில் இறங்கித் தேடி, கல் நாட்டினார். 1993இல் டோனி மாரிசனுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாக எண்ணுவோர் உண்டு. அந்நாட்டு நூலகச் சங்கம் தொகுத்த 2022ஆம் ஆண்டுப் பட்டியலில், நீக்கச் சொல்லி மிகுதியாக எதிர்ப்புக்கு உள்ளான பதின்மூன்று நூல்களில் மாரிசனின் முதற் புதினமும் ஒன்று!

வருகிற ஞாயிறன்று படிப்பகத்தில் மீண்டும் பேசுகிறோம். பலகையில் கட்டம் போடுவதாக இல்லை. டக்ளசின் நூலை முதல் அத்தியாயத்திலிருந்து தமிழில் எடுத்துச் சொல்வதாக இருக்கிறோம். தம் வயது இன்னதென்று திட்டமாகத் தெரியாது என்று சொல்லித் தொடங்குகிறார் அவர். எந்த அடிமையும் பிறந்த நாளைச் சொல்லக் கேட்டதில்லை என்கிறார். நெசவாளத் தோழர் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். தறியில் நிற்கும் இன்னும் இருவரையும் அழைத்து வருகிறாராம்.